பதினேழாம் தட்டு

கிளினிக்கிலிருந்து வரும் பஞ்சுக்குச்சிகளுக்குப்
பெயர் கிடையாது.
ஒன்று முதல் பதினாறுவரை
நொகுலுங்கா நீல மசியில் எழுதிவைத்திருந்தாள்.
பதினேழை நான் எழுதினேன்,
அவள் தேநீருக்குப் போயிருந்தபோது,
கழிப்பறையிலிருந்து
மேலங்கிப் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்து.

பதினான்கு மாதம்.
ஆறு முறை அதே இளஞ்சிவப்பு மாத்திரை.
பருத்தி உடுத்துங்கள், சர்க்கரையைக் குறையுங்கள் என்று
கணினியைப் பார்த்தபடியே சொல்லும் அதே டாக்டர்.
அம்மாவிடம் இதற்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது:
வெள்ளை.
குரலைத் தாழ்த்திச் சொல்வாள்,
டர்பன் கடற்கரைப் பெஞ்சுகளில்
அந்தக் காலத்தில் எழுதியிருந்ததைச் சொல்லும்
அதே குரலில்.
இரண்டும் நம்மை உட்காரவிடாதவை.

முப்பத்தேழு பாகையில் இரண்டு இரவு.
மூடியைத் திறந்ததும்
அப்பமாவு பொங்கிய வாசம்.
மருந்து தோய்ந்த வில்லையைச் சுற்றி
ஒரு வெட்டவெளி இருந்திருக்க வேண்டும்.
இல்லை.
பால்நிறப் புள்ளிகள் விளிம்புவரை வந்து
சாய்ந்து உட்கார்ந்திருந்தன,
வாடகை தராத சொந்தக்காரர்கள்போல.

சனிக்கிழமை, வாரிக் பாலத்தின்மேல் மூலிகைச் சந்தை.
கீழே டாக்சிகளின் ஹாரன்.
மேலே பட்டை, வேர், உலர்ந்த ஏதோ ஒன்றின் வால்.
மாகுமேடே காட்டுப்பூண்டை
மண்ணோடு செய்தித்தாளில் சுற்றினாள்.
யாருக்கு என்றாள்.
ஆய்வுக்கு என்றேன்.
ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு
நான் மாறிமாறி நின்றதைப் பார்த்தாள்.
"ஆய்வுக்கு அரிக்குமா?"
அதோடு விடவில்லை.
"இதை அங்கே வைத்துவிடாதே.
போன மாதம் ஒருத்தி வைத்தாள்.
பூண்டு என்பது நெருப்பு, பெண்ணே."
மீதிச் சில்லறையை உள்ளங்கையில் அழுத்தினாள்.

அந்தச் செடியை எனக்குத் தெரியும்.
சாட்ஸ்வர்த் ரவுண்டானாவில்
நகராட்சி நட்டுவைத்த ஊதாப்பூ.
பத்து வருடம் அதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்
பெயர் கேட்காமல்.

அரைத்து, எத்தனாலில் ஊறவைத்து, வடித்து, ஆவியாக்கி
ஐந்து நாள் விரல்களில் ரசவாசம்.
எல்லா எண்களையும் மறுபடி விதைத்தோம்.
ஆய்வகத்தில் சமைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத்
தயாளன் போர்வையின் தன் பாதிக்குள் திரும்பிக்கொண்டான்.
அவன் கேட்காத இன்னொரு கேள்வி
எங்கள் நடுவில் படுத்திருந்தது.

வியாழன் காலை
வில்லையைச் சுற்றி ஒரு வட்டம்.
எதுவும் முளைக்காத பத்தொன்பது மில்லிமீட்டர்.
அளவுகோலை இரண்டு முறை வைத்தேன்.
மூன்றாம் முறை எண் கலங்கித் தெரிந்தது.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.
"ப்ளீச் ஊற்றினாலும் வட்டம் வரும், சலோஷ்னி.
தட்டுக்கு வலிக்காது."

சரிதான். அவர் சொன்னது சரிதான்.
தட்டுக்குக் கணவன் இல்லை, வெட்கம் இல்லை,
காப்பாற்றிவைக்க வேண்டிய
நல்ல கிருமிகளும் இல்லை.

விளக்கணைக்கும் நேரம்
நொகுலுங்கா பதினேழைத் தூக்கிப் பிடித்தாள்.
"பட்டியலில் பதினாறுதானே?"
பொய்சொல்லத்தான் வாய் திறந்தேன்.
என்னுடையது என்று வந்துவிட்டது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அடுக்கில் விரலை ஓட்டி
ஒன்பதை உருவி எடுத்து
அதன் பக்கத்தில் வைத்தாள்.
அதிலும் ஒரு வட்டம்,
என்னுடையதைவிடக் கொஞ்சம் சிறியது.

கேட்டிருக்கலாமே என்று
இருவரில் யார் சொன்னது, நினைவில்லை.
சிரித்தோம். கொஞ்சம் அதிகமாகவே.

திங்களன்று மனிதச் செல்களின்மேல் சோதனை.
பிறகு வருடங்கள்.
அதுவரை இது அரிக்கும்.

எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் எழுதக் கூடாது, விதி.
எழுதவில்லை.
ஒன்பதையும் பதினேழையும்
அருகருகே வைத்தோம்,
இடையில் இருந்த ஏழு பெண்களையும்
சிந்தாமல்
மெதுவாக நகர்த்தி.